செய்மதிப் படமும் நமது கடலும்: வாசகர் கேள்வி – பதில்

கடல் வானிலை பற்றி வந்த கடிதங்கள் இம்முறை வழக்கத்தைவிட அதிகம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை இணைத்தும், இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியும் வெளியிடுகிறோம்.

கேள்வி: கைத்தொலைபேசியில் நாள்தோறும் செய்மதிப் படம் பார்த்து வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேல் முழுவதும் சிவப்பாகக் கிடந்த ஒரு நாளில் துளி மழைகூட விழவில்லை. படத்தில் ஒரு முகிலும் இல்லாத இன்னொரு நாளில் படகை இறக்கவே முடியாத அளவுக்குக் கடல் அடித்தது. அப்படியானால் இந்தப் படத்தால் என்ன பயன்?
– ஒரு வாசகர், பருத்தித்துறை

பதில்: அந்தப் படம் காட்டுவது முகிலின் உச்சியை, நீங்கள் அதில் தேடியதோ மழையையும் காற்றையும். இரவு பகல் என்ற வேறுபாடின்றிக் கிடைக்கும் நிறப்படங்கள் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்ப்பைக் கொண்டு எடுக்கப்படுபவை. கடலும் தரையும் முகிலும் தத்தம் வெப்பநிலைக்கேற்ப வெளிவிடும் கதிர்ப்பைச் செய்மதி அளக்கிறது. உயரே செல்லச் செல்லக் குளிர் கூடுவதால், மிகக் குளிர்ந்த உச்சி என்றால் மிக உயரத்தில் நிற்கும் முகில் என்று கொள்ளலாம். பூச்சியத்துக்குக் கீழே 60, 70 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்த இடங்களுக்குக் கணினி சிவப்பு நிறம் தீட்டுகிறது. வேறொரு செயலி அதே இடத்துக்கு வெள்ளையோ ஊதாவோ தீட்டக்கூடும். வங்காள விரிகுடாவில் எங்கோ எழுந்த இடிமுகிலின் தலைப்பகுதி மேல்வளிக் காற்றில் இழுபட்டுப் பல நூறு கிலோமீற்றர் பரவும்போது, அந்த மெல்லிய பனித்துகள் விரிப்பின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மங்கிய சூரியன் தெரியும். படத்திலோ யாழ்ப்பாணம் சிவந்து கிடக்கும்.

ஒரு படத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாமல், கடந்த இரண்டு மூன்று மணித்தியாலப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பாருங்கள். கூர்மையான விளிம்போடு ஓரிடத்தில் முளைத்து, படத்துக்குப் படம் குளிர்ந்து பெருப்பது உயிருள்ள இடிமுகில். ஓரங்கள் பிய்ந்து, நிறம் வெளிறி, ஒரே திசையில் நீண்டுகொண்டே போவது ஓய்ந்துபோன முகிலின் மிச்சம். பகல் நேரமானால் கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மெல்லிய முகில் அதில் கண்ணாடி போலத் தெரிய, திரண்ட முகில் நிழல் விழுத்தி நிற்கும்.

எந்தச் செய்மதியின் படம் என்பதையும் கவனிக்க வேண்டும். பூமியோடு சேர்ந்தே சுற்றி, எப்போதும் ஓரிடத்துக்கு மேலே நிற்கும் புவிநிலைச் செய்மதிகள் யாவும் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பவை. 2016 செப்டெம்பரில் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாட்-3டிஆர் கிழக்கு நெடுங்கோடு 74 பாகையில் நிற்பதால், 80 பாகையில் உள்ள நம்மை ஏறக்குறைய நேர் மேலிருந்து பார்க்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருவதால் பலரும் விரும்பிப் பார்க்கும் ஜப்பானின் ஹிமவாரி-9 நிற்பது 140.7 பாகையில். அது நம்மை மிகச் சரிவாகப் பார்ப்பதால், 14 கிலோமீற்றர் உயரமான ஒரு முகிலின் உச்சி அதன் படத்தில் 30 கிலோமீற்றருக்கும் கூடுதலாக மேற்கே தள்ளி விழும். பருத்தித்துறைக்கு மேலே நிற்கும் இடிமுகில் படத்தில் காரைநகருக்கு மேலே தெரிவது இவ்வாறுதான். இன்னொன்று, படத்தின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். அதனோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால்தான் நம் நேரம். 0600 என்றிருக்கும் படத்தைக் காலை ஆறு மணிப் படமென்று எண்ணி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதைப் பலமுறை பார்க்கிறோம். அது முற்பகல் பதினொன்றரை மணிக்குரியது.

முகிலே இல்லாத நாளில் கடல் அடித்ததற்கான காரணம் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையெல்லாம் நாட்டின் தென்மேற்குப் பகுதியிலும் மலைநாட்டிலும் கொட்டித் தீர்ந்துவிட, காய்ந்த காற்று மட்டும் மன்னார்க் கடல் வழியாகவும் வன்னி நிலத்தைத் தாண்டியும் நம்மிடம் வந்து சேர்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் வடக்கின் மேல் படம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். பாக்கு நீரிணையில் காற்று மணிக்கு 40, 50 கிலோமீற்றர் வேகத்தில் வீசிக்கொண்டிருக்கும். காற்றுக்கு நிறமில்லை, தூக்கிச் செல்ல முகிலும் இல்லாதபோது சாதாரணச் செய்மதிப் படத்தில் அது தடயமே விடாது. சோளகக் காலத்தில் வெறுமையான படத்தைப் பார்த்துக் கடலில் இறங்குவதைவிடப் படத்தைப் பாராமலே இருப்பது மேல் என்பது எமது கருத்து.

கேள்வி: செயலியில் அலை உயரம் 0.8 மீற்றர் என்று போட்டிருந்தது. நெடுந்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போய்த் திரும்பிய அப்பா, ஆளுயர அலை படகுக்குள் விழுந்தது என்கிறார். அப்பா மிகைப்படுத்துகிறாரா, செயலி பிழையா?
– ஒரு வாசகி, குருநகர்

பதில்: அப்பா சொல்வதை நம்புங்கள். செயலியும் தன் கணக்கில் பெரிதாகத் தவறியிருக்க வேண்டியதில்லை.

எதிர்வுகூறல்களில் தரப்படும் அலை உயரம் தனியொரு அலையின் உயரமன்று. ஒரு குறித்த நேரத்தில் கடந்து செல்லும் அலைகள் எல்லாவற்றையும் உயர வரிசையில் அடுக்கி, அவற்றுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைக் கண்டால் கிடைப்பதே அந்த எண். சராசரி என்பதால் அதனிலும் உயர்ந்த அலைகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. சில மணித்தியாலங்கள் கடலில் நிற்பவர் அந்த எண்ணின் இரு மடங்கை நெருங்கும் ஓரிரு அலைகளைச் சந்திப்பது இயல்பே. 0.8 என்று போட்டிருந்தால் ஒன்றரை மீற்றர் அலை எங்கோ ஓரிடத்தில் காத்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். பதினெட்டடிப் படகில் அமர்ந்திருப்பவருக்கு ஒன்றரை மீற்றர் என்பது ஆளுயரம்தான்.

உயரத்தைவிட முக்கியமான எண் ஒன்று அதே செயலியில், பலர் கண்ணில் படாத மூலையில் இருக்கிறது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம் அங்கே செக்கன்களில் தரப்பட்டிருக்கும். ஆழ்கடலில் பத்துச் செக்கன் இடைவெளியுள்ள அலையின் முகடுகளுக்கிடையே 150 மீற்றருக்கு மேல் தூரம் உண்டு; படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நாலு செக்கன் அலையில் அந்தத் தூரம் 25 மீற்றர் மட்டுமே. படகு ஓர் அலையிலிருந்து மூக்கைத் தூக்குமுன் அடுத்தது வந்து முகத்தில் அடிக்கும். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. நிலத்தாலும் தீவுகளாலும் மணல்திட்டுகளாலும் பெரிதும் அடைபட்டிருப்பதால், வெளிச் சமுத்திரத்தின் நீண்ட அலைகள் பெரும்பாலும் உள்ளே வந்து சேர்வதில்லை. அங்கு எழுபவை அங்கேயே காற்றால் பிறந்த மூன்று முதல் ஐந்து செக்கன் வரையான குட்டையான, செங்குத்தான அலைகள். தீவுகளுக்கிடையிலான ஒடுங்கிய வாய்க்கால்களில் நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடும் நேரத்தில் அவை இன்னும் நிமிர்ந்துவிடும். காலித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு மீற்றர் அலையும் நெடுந்தீவுக்கு வெளியே ஒரு மீற்றர் அலையும் ஒன்றல்ல என்பதை எந்தச் செயலியின் முதற்பக்கமும் சொல்வதில்லை.

இனி, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பல செயலிகள் வானிலையைக் கணிக்கும் அமெரிக்காவின் உலகளாவிய கணினி மாதிரியிலிருந்து எண்களை எடுக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் அதன் விபரங்கள் கால் பாகைக் கட்டங்களாக, அதாவது ஏறத்தாழ 28 கிலோமீற்றருக்கு ஒரு புள்ளியாக அமைந்தவை. நெடுந்தீவின் நீளம் 8 கிலோமீற்றர் அளவில்தான். ஆகவே நெடுந்தீவும் அதைச் சூழ்ந்த கடலும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் மறைந்துவிடுகின்றன. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர்; அது மேலானதுதான், ஆனாலும் எழுவைதீவும் அனலைதீவும் அதற்கும் தட்டுப்படுமா என்பது ஐயமே. வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கு நேரே விரலை வைத்தால் தசமப் புள்ளியோடு ஓர் எண் வருவதைக் கண்டு, அங்கே அளந்து எழுதியதாக எண்ணிவிடக் கூடாது. தொலைவிலுள்ள கட்டப் புள்ளிகளுக்கிடையே கணித்து நிரப்பிய எண் அது.

கணினி மாதிரியைத் திருத்தச் செய்மதி அளவீடுகள் உதவுகின்றன. அங்கும் நம் கடலுக்கு வஞ்சனை உண்டு. கடற்பரப்பின் சிற்றலைகளில் நுண்ணலைகளைத் தெறிக்கவிட்டுக் காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கும் கருவிகள் ஐரோப்பாவின் மெற்றொப் செய்மதிகளிலும், 2022 நவம்பரில் ஏவப்பட்ட இந்தியாவின் ஓசன்சாட்-3 செய்மதியிலும் உள்ளன. திறந்த சமுத்திரத்தில் அவை அருமையாக வேலை செய்யும். நிலத்துக்கு அருகே வரும்போது தரையிலிருந்து திரும்பும் வலிய எதிரொலி கடலின் மெல்லிய எதிரொலியோடு கலந்துவிடுவதால், கரையிலிருந்து 20, 25 கிலோமீற்றர் அகலமான பட்டையின் அளவீடுகள் பெரும்பாலும் கழிக்கப்படுகின்றன. காங்கேசன்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 55 கிலோமீற்றர். இரு கரையிலும் 25 கிலோமீற்றரைக் கழித்துவிட்டால் நடுவில் எஞ்சுவது என்ன? அலை உயரத்தை அளக்கும் ரேடார் உயரமானிகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 1992இல் ஏவப்பட்ட டொபெக்ஸ்/பொசைடன் தொடங்கி 2020இல் ஏவப்பட்ட சென்ரினல்-6 வரை, தாம் கடந்து செல்லும் ஒடுங்கிய கோட்டின் கீழுள்ள கடலை மட்டுமே அவை அளக்கின்றன. அதே கோட்டுக்குத் திரும்பிவர ஏறத்தாழ பத்து நாள் எடுக்கின்றன.

இதனால் செயலியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வீட்டில் ஒரு கொப்பியை எடுத்து, அப்பா தொழிலுக்குப் போகும் நாளில் செயலி சொன்ன காற்றின் வேகம், திசை, அலை உயரம், செக்கன் ஆகியவற்றை முதல்நாள் இரவே எழுதி வையுங்கள். திரும்பி வந்ததும் எந்தப் பக்கம், எந்த நேரத்தில், கடல் எப்படி இருந்தது என்று அவர் சொல்வதை எதிரே எழுதுங்கள். சோளகத்துக்கு ஒரு பக்கம், வடகிழக்குக் காற்றான வாடைக்கு ஒரு பக்கம் என்று பிரித்து ஒரு பருவம் எழுதினால், தென்மேற்கிலிருந்து 30 கிலோமீற்றர் காற்று என்று செயலி சொன்னால் நெடுந்தீவு வாய்க்காலில் அதன் பொருள் என்ன என்பது தெரியவரும். கொழும்பிலோ வேறெங்குமோ இருந்து யாரும் உங்களுக்குச் செய்து தரக்கூடிய கணக்கல்ல இது.

கேள்வி: காற்றுக் குறியின் அம்புமுனை காட்டுவது காற்று வரும் திசையையா, போகும் திசையையா?
– ஒரு மாணவர், வல்வெட்டித்துறை

பதில்: எழுத்தில் வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வரும் காற்று. நீரோட்டத்துக்கு முறை நேரெதிர். வடகிழக்கு நீரோட்டம் வடகிழக்கை நோக்கிப் போவது. அம்புக்குறியைச் செயலிகள் பெரும்பாலும் போகும் திசைக்கே வரைகின்றன. ஆனாலும் புதிய செயலியொன்றை இறக்கினால், அன்றைய காற்றைக் கரையில் நின்று பார்த்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வேகத்தின் அலகையும் கவனியுங்கள். ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர், செக்கனுக்கு ஒரு மீற்றர் என்பது மணிக்கு 3.6 கிலோமீற்றர். 15 என்ற வெறும் எண் சிறுகாற்றாகவும் இருக்கலாம், 54 கிலோமீற்றர்க் காற்றாகவும் இருக்கலாம்.

கேள்வி: வானொலியில் வாசிக்கப்படும் கடல் அறிவித்தலில் 'புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை' என்றும், 'காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை வரை' என்றும் வருகிறது. நாங்கள் எதில் சேர்த்தி? 'அடிக்கடி 60 வரை அதிகரிக்கும்' என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?
– கடற்றொழிலாளர் சிலர், மயிலிட்டி

பதில்: இரண்டிலும்தான் சேர்த்தி. வளிமண்டலவியல் திணைக்களம் கரையோரத்தை நீண்ட துண்டுகளாகப் பிரித்து அறிவிக்கும்போது, இரு துண்டுகளும் சந்திக்கும் முடிச்சாகக் காங்கேசன்துறை அமைந்துவிடுகிறது. மயிலிட்டியிலிருந்து மேற்கே மாதகல் பக்கம் திரும்புபவர் ஒன்றுக்குள்ளும், கிழக்கே பருத்தித்துறை, வடமராட்சி கிழக்குப் பக்கம் திரும்புபவர் மற்றதற்குள்ளும் போகிறார். இரண்டையும் கேட்டு, கடுமையானது எதுவோ அதை எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

காற்றின் வேகம் என்று முதலில் சொல்லப்படுவது சராசரி. 'அடிக்கடி' என்று பின்னால் வருவது இடையிடையே எழும் வீச்சு. காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 40 இலிருந்து 60 என்றால் வேகம் ஒன்றரை மடங்கு, தள்ளும் விசையோ இரண்டேகால் மடங்கு. படகைப் புரட்டுவது பெரும்பாலும் அந்தப் பின்பாதியில் சொல்லப்படும் காற்றுத்தான். வாசிப்பவர் அதைச் சொல்லி முடிக்குமுன் வானொலியைத் திருப்பிவிடுகிறோம்.

உங்கள் கரைக்கே உரிய ஒரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சோளகத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால், மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் கரையோர நீர் அசையாமல் கிடக்கும். அலை வளர்வதற்குக் காற்று நீர்மேல் ஓடத் தூரம் வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லை. நாலைந்து கிலோமீற்றர் வெளியே போன பிறகே கடல் தன் குணத்தைக் காட்டத் தொடங்கும். அங்கே இயந்திரம் நின்றுவிட்டால் காற்று படகைக் கரைக்குக் கொண்டுவராது. வடக்கேயும் கிழக்கேயும் வங்காள விரிகுடாவை நோக்கித்தான் தள்ளும். அதே நாளில் நெடுந்தீவு, புங்குடுதீவு, காரைநகரின் மேற்குக் கரைகள் நேரடியாக அடிவாங்கும். வாடையில் இது தலைகீழாகி, வடக்குக் கரை முழுவதும் அலை வந்து மோத, குடாநாட்டின் மறைவிலுள்ள நீர்ப்பரப்புகள் ஓரளவு அடங்கியிருக்கும். ஒரே அறிவித்தல், ஒரே எண், இரண்டு கரைகள். அறிவித்தல்கள் இன்னும் சிறு துண்டுகளாக வர வேண்டும் என்று கடற்றொழிலாளர் சங்கங்கள் கேட்பது நியாயமான கோரிக்கையென்றே எமக்குப் படுகிறது.

கேள்வி: நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலை வாடைக்காலத்தில் ஏன் நிறுத்துகிறார்கள்? அது சிறு படகல்லவே.
– ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிய சேவை சில நாட்களிலேயே பருவகாலம் காரணமாக நிறுத்தப்பட்டு, 2024 ஓகஸ்டில்தான் மீண்டும் தொடங்கியது. வாடைக்காற்று வங்காள விரிகுடாவின் மேல் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமாகத் தடையின்றி ஓடிவந்து பாக்கு நீரிணையின் வாயில் அலையைக் கொட்டுகிறது. கப்பலின் பாதையோ ஏறக்குறைய வடக்குத் தெற்கு. வடகிழக்கிலிருந்து வரும் அலை பக்கவாட்டில் அடிப்பதால் கப்பல் இரு பக்கமும் உருளும். பயணிகள் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: சூறாவளி வரும்போது வரைபடத்தில் ஒரு கோடும் அதைச் சுற்றி ஓர் அகன்ற கூம்பும் போடுகிறார்கள். நம் ஊர் கூம்புக்கு வெளியே இருந்தால் பயமில்லையா?
– ஓர் ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: கூம்பு குறிப்பது சூறாவளியின் நடுப்புள்ளி எங்கெங்கே போகக்கூடும் என்பதை மட்டுமே. கடந்த ஆண்டுகளின் எதிர்வுகூறல்கள் சராசரியாக எவ்வளவு தூரம் பிழைத்தன என்பதைக் கொண்டு அதன் அகலம் வரையப்படுகிறது. நாட்கள் கூடக்கூடப் பிழையும் கூடுவதால் கூம்பு விரிகிறது. சூறாவளி பருத்துப் பெரிதாகப் போகிறது என்பது அதன் பொருளன்று. மழையும் காற்றும் அலையும் கூம்பின் எல்லையைப் பார்த்து நிற்பதில்லை.

2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி கரைகடந்தது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில். நடுப்புள்ளி யாழ்ப்பாணத்தைத் தொடவே இல்லை. ஆனால் அது மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, வலுக்குறைந்த நிலையில் அசையாமல் கிடந்த நாட்களில் குடாநாடு வெள்ளத்தில் மிதந்தது. செய்மதிப் படத்தை அன்று பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம்: மையத்தின் மேல் முகில் அதிகமில்லாமல், அதற்கு வடக்கே நம் தலைக்கு மேல்தான் திரண்டு நின்றது.

பெயர் வைத்தார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதும் ஆபத்தான பழக்கம். வட இந்து சமுத்திரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டினால்தான் ஒரு தாழமுக்கம் சூறாவளியாகிப் பெயர் பெறும். 2024 நவம்பரில் நம் கிழக்குக் கரையை ஒட்டி ஊர்ந்த தொகுதி குடாநாட்டை நனைத்து முடித்துப் புதுச்சேரியை நோக்கிப் போன பிறகே, 29ஆம் திகதி, பெங்கல் என்ற பெயரைப் பெற்றது. 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டிட்வா சூறாவளி, காற்றின் கணக்கில் கடும் சூறாவளி என்ற படிக்கு ஏறவில்லை. அதன் மழையாலும் மண்சரிவுகளாலும் மாண்டவர்கள் 600க்கும் அதிகம். வகைப்பெயர் காற்றுக்கு உரியது, வெள்ளத்துக்கு உரியதன்று.

ஆழ்கடலுக்குப் பல நாள் பயணம் போகும் படகுகளுக்கு வேறொரு சிக்கல். 2017 நவம்பர் 29இல் இலங்கையின் தென்கிழக்குக் கரையருகே தாழமுக்கமாக இருந்த ஒக்கி மறுநாளே சூறாவளியாகிவிட்டது. எச்சரிக்கை வெளியானபோது படகுகள் ஏற்கெனவே நடுக்கடலில். அங்கு உதவக்கூடிய முன்னறிகுறி ஒன்று நீரிலேயே உண்டு. சூறாவளியின் நடுவில் பிறக்கும் 12 செக்கன் அலைத்தொகுதி ஆழ்கடலில் மணிக்கு 33 கிலோமீற்றர் வேகத்தில், நாளொன்றுக்கு 800 கிலோமீற்றர் போகும்; சூறாவளி தான் நகர்வதோ பெரும்பாலும் மணிக்கு 15, 20 கிலோமீற்றர். காற்றே இல்லாத காலையில் வழக்கமில்லாத திசையிலிருந்து நீண்ட, சோம்பலான அலை வரத் தொடங்கினால், கரையோடு தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும். வங்கக் கடலைப் பார்த்திருக்கும் மருதங்கேணி, தாளையடிக் கரைகளிலும் இது தெரியும். பாக்கு விரிகுடாவின் உள்ளே இருப்பவர்கள் இந்த அறிகுறியை நம்பியிருக்க முடியாது.

கேள்வி: என் தொலைபேசியில் வளியமுக்கம் காட்டுகிறது. பின்னேரங்களில் மூன்று அலகு இறங்கியிருப்பதைக் கண்டு பயந்துவிடுகிறேன். தாழமுக்கம் உருவாகிறதா?
– ஒரு வாசகர், கோப்பாய்

பதில்: பயப்படாதீர்கள். வெப்ப மண்டலத்தில் வளியமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம். பின்னேரம் நாலு மணியளவிலும் அதிகாலை நாலு மணியளவிலும் தாழ்வு. மூன்று ஹெக்டோபஸ்கால் ஏற்றயிறக்கம் வழமையானது. இன்று பின்னேரம் நாலு மணி அளவை நேற்றைய நாலு மணி அளவோடு ஒப்பிடுங்கள். ஒரே நேரத்து அளவுகள் நாளுக்கு நாள் தொடர்ந்து இறங்கி வந்தாலோ, காலை பத்து மணிக்கு ஏற வேண்டியது ஏறாமல் இறங்கினாலோ அப்போது கவனிக்கலாம். மாடியில் ஏறினாலும் அமுக்கம் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: செய்மதி மூலம் மீன் இருக்கும் இடத்தைச் சொல்கிறார்களாமே. அந்த வரைபடம் எங்களுக்கு உதவுமா?
– ஒரு வாசகர், பாசையூர்

பதில்: ஆழ்கடற் சூரை பிடிப்பவர்களுக்கு உதவும், பாசையூரிலிருந்து கடல்நீரேரிக்குள்ளும் விரிகுடாவுக்குள்ளும் போகிறவர்களுக்கு அவ்வளவாக உதவாது. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிலையமும் நமது நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவும் வெளியிடும் இத்தகைய வரைபடங்கள், கடல்மேற்பரப்பு வெப்பநிலையையும் நீரின் பச்சைய அளவையும் வைத்து, குளிர்ந்த நீரும் சூடான நீரும் சந்திக்கும் ஓரங்களைத் தேடுகின்றன. அங்கே நுண்தாவரம் செழித்து, சிறுமீனும் பின்னால் பெருமீனும் கூடும் என்பது அடிப்படை. நம் கடல் ஆழமற்றது, கலங்கலானது. அடியிலுள்ள மணலும் கடற்புல்லும் தெறிக்கும் ஒளியைச் செய்மதி பச்சையமென்று மயங்கிவிடும். வாடைக்காலத்திலோ முகில் மூடியிருக்க, வெப்பநிலையை அளக்கும் அகச்சிவப்புக் கருவிக்குக் கடல் பல நாட்களுக்குத் தெரியவே தெரியாது. நண்டும் இறாலும் எங்கே என்பதற்கு அந்த வரைபடத்தில் விடையில்லை.

கேள்வி: ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் திடீரென்று எழும் இடிமழைக் காற்றுத்தான் எங்களுக்குப் பெரிய பயம். காரைக்கால் ரேடார் படத்தைப் பார்த்துப் போகலாமா? கடலில் தொலைபேசி எட்டாதபோது என்ன செய்வது?
– கடற்றொழிலாளர் ஒருவர், மாதகல்

பதில்: பார்த்துப் போகலாம், செய்மதிப் படத்தைவிட அது உங்கள் தேவைக்கு நெருக்கமானது, ஏனெனில் அது முகிலின் உச்சியை விட்டு உள்ளிருக்கும் மழைத்துளிகளை அளக்கிறது. காரைக்காலிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். பூமியின் வளைவாலும் கதிரின் சிறு ஏற்றத்தாலும், அந்த ரேடார்க் கதிர் நம்மை வந்தடையும்போது இரண்டு கிலோமீற்றருக்கும் உயரத்தில் போகிறது. உயர்ந்த இடிமுகில் தப்பாது. அதற்கு முன்னால் கடலை ஒட்டி ஓடிவரும் குளிர்காற்று கதிருக்குக் கீழே புகுந்து வந்துவிடும். படத்தில் மழைத்திரள் இன்னும் 15, 20 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும்போதே காற்று படகை அடிப்பது இதனால்தான். ஆகையால் திரளின் விளிம்பிலிருந்து அல்லாமல், அதற்கு முன்னே அரைமணி நேரத் தூரத்தையும் சேர்த்து ஆபத்து எல்லையாகக் கொள்ளுங்கள். ஓர் இடிமுகிலின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒன்று இறங்கித் தள்ளும் குளிர்காற்று பக்கத்தில் இன்னொன்றை எழுப்பும் என்பதால், ஒன்று கழிந்துவிட்டதென்று வலையை மீண்டும் போடுமுன் நாற்புறமும் பார்ப்பது நல்லது.

தொலைபேசிச் சமிக்ஞை அறுந்த பின் உங்களிடம் எஞ்சுவது கண்ணும் வானொலியும். தொலைவில் கறுத்த முகிலின் அடியில், கடலுக்குச் சற்று மேலே, வில்போல வளைந்த தாழ்ந்த முகில்விளிம்பு ஒன்று முன்னே தள்ளிக்கொண்டு வருமானால், அதன் கீழேதான் முதல் காற்று இருக்கிறது. மத்திய அலை வானொலி ஒன்று படகில் இருந்தால், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திக் கேளுங்கள். மின்னல் ஒவ்வொன்றும் அதில் 'கரக்' என்று வெட்டும். வெட்டுகள் நெருங்கிக் கூடிக்கொண்டே போனால் இடிமுகில் வளர்கிறது அல்லது கிட்டுகிறது. பண்பலை வானொலியில் இது கேட்காது. படகுகள் பேசிக்கொள்ளும் வானொலியான வீ.எச்.எவ். கருவி உள்ளவர்கள் 16ஆம் அலைவரிசையைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அபாய அழைப்புக்கு உலகெங்கும் அதுவே பொதுவான அலைவரிசை. அதன் எட்டம் கண்ணுக்கெட்டும் தூரத்தைவிடச் சிறிதே கூடுதல் என்பதால், கொடிமரத்தின் உச்சியில் அன்ரெனாவைக் கட்டுங்கள். பிளாஸ்ரிக் பையில் சுற்றிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் கருவி அவசரத்தில் கைக்கு வராது.